புதுக் கிடாரி பட்டிக்குப் பழகட்டும்

யுத்தத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவியாகக் கிடைப்பவற்றுள் மாடு முக்கியமானது. தையல் இயந்திரம் பழுதானால் திருத்திக்கொள்ளலாம். கோழி செத்தால் இன்னொன்று வாங்கலாம். ஆனால் கடனெடுத்து வாங்கிய கிடாரி வந்த மாதத்திலேயே விழுந்துவிட்டால், அந்தக் குடும்பம் போட்டுவைத்த திட்டம் முழுவதும் அதோடு போய்விடுகிறது. கடன் மாத்திரம் மிஞ்சுகிறது. (வடக்கில் நாகு என்பதையே மலையகத்தில் கிடாரி என்கிறோம். இன்னும் கன்று ஈனாத இளம் பசு.)

மாட்டுக்குக் கடன் எடுப்பது, பால் விற்பது பற்றியெல்லாம் பயிற்சிகளில் சொல்லித் தருகிறார்கள். புது மாடு வந்து சேர்ந்த முதல் சில கிழமைகளை எப்படிக் கடப்பது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதைப் பற்றியே இங்கு பார்ப்போம்.

றொசல்லயில் ஒரு பட்டி

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையில் மலையகப் புகையிரதப் பாதையில் இருப்பது றொசல்ல. இலங்கையில் மழை மிக அதிகமாகப் பெய்யும் பகுதிகளில் ஒன்று இது. லயங்களுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சிறிய மாட்டுப்பட்டிகள் இருக்கும். இரண்டு மாடு, மூன்று மாடு, அவ்வளவுதான். காலையில் பெரட்டுக்குப் போய்க் கொழுந்து பறித்து, அந்திக்குத் திரும்பும்போது தலையில் ஒரு கட்டுப் புல்லோடு வருகிறவள் பெண்தான். பால் கறப்பதும் சாணம் அள்ளுவதும் அவளே.

இந்த மக்களுக்கும் யுத்தத்துக்கும் தொடர்பில்லை என்று சிலர் நினைக்கலாம். 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களின்போது மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று போய்க் குடியேறின. காடு வெட்டி, மாடு வளர்த்து வாழ்ந்த அவர்களும் 2009 வரை நடந்த யுத்தத்தில் அகப்பட்டார்கள்.

அப்படிப் போய்த் திரும்பிவந்த அக்கா ஒருவரை றொசல்லயில் சந்தித்தேன். வன்னியில் அவிழ்த்துவிட்டு வந்த மாடுகளைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. புதிதாக வாங்கியிருந்த கிடாரியைப் பற்றித்தான் பேசினார். "எப்ப அக்கா கொண்டு வந்தீங்க?" என்று கேட்டேன். "சனிக்கிழம அந்திக்குத்தான் மிஸ். ஞாயித்துக்கிழம பெரட்டு இல்ல. முழு நாளும் அது பக்கத்துல நிக்கலாம்ல" என்றார்.

இந்தப் பேச்சில் நல்லதொரு பாடம் இருக்கிறது. புது மாடு வரும் நாளை, வியாபாரியின் லொறி வசதிக்கு விடாமல், நம் வேலைக்கு ஏற்றபடி நாமே தீர்மானிக்க வேண்டும்.

முதல் மூன்று கிழமை தனியே

வந்த அன்றே புது மாட்டைப் பழைய மாடுகளோடு சேர்த்துக் கட்டுவது ஆபத்து. பார்வைக்கு நல்ல சுகத்துடன் இருக்கும் மாட்டின் உடலிலும் நோய்க்கிருமி இருக்கலாம். கால்வாய் நோய் தொற்றினால் அடையாளம் தெரிய இரண்டு கிழமை வரை ஆகலாம். தோலில் கட்டிகள் எழும்பும் தோல் கழலை நோய் இலங்கையில் முதன்முதலாக 2020ஆம் ஆண்டில் வட மாகாணத்தில் கண்டறியப்பட்டது. மாட்டோடு மாடாகவே இப்படியான நோய்கள் ஊர் மாறுகின்றன.

ஆகவே குறைந்தது மூன்று கிழமையாவது புது மாட்டைத் தனியாகக் கட்டுங்கள். பெரிய கொட்டில் தேவையில்லை. மழை படாத நான்கு தடியும் கூரையும், வழுக்காத தரையும் போதும். தண்ணீர் வாளி தனியாக இருக்கட்டும். பழைய மாடுகளின் வேலையை முதலில் முடித்து, பிறகு புது மாட்டிடம் போங்கள். திரும்பும்போது கைகால்களைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லோசிஸ் மனிதருக்கும் தொற்றும். மாடு கன்றை வீசினால் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடக் கூடாது. கர்ப்பிணிப் பெண்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. பாலை எப்போதும் காய்ச்சியே குடிக்க வேண்டும். இந்நோய்க்கு இரத்தப் பரிசோதனை உண்டு. அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள்.

தீனியைச் சட்டென்று மாற்றாதீர்கள்

மாட்டின் வயிற்றில் புல்லைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை பழகிய தீனிக்கே ஏற்றவை. புது மாட்டின் மேலுள்ள ஆசையில் முதல் நாளே நிறையப் புண்ணாக்கும் தவிடும் வைத்தால் வயிறு புளித்து, கழிச்சல் வந்து மாடு படுத்துவிடும். விற்றவரிடமே என்ன தீனி என்று கேட்டு, கொஞ்சம் வாங்கி வாருங்கள். பத்து நாளில் சிறிது சிறிதாக உங்கள் தீனிக்கு மாற்றுங்கள்.

தோட்டங்களில் மலைப் புல்லோடு, மண்ணை வளப்படுத்த நடப்படும் குவாட்டமாலா புல்லும் மாட்டுக்குக் கிடைக்கிறது. ஆனால் களைநாசினி அடித்த மலையில் புல் அறுக்கக் கூடாது. எந்த மலையில் மருந்தடித்தார்கள் என்று விசாரித்த பிறகே அரிவாளை எடுங்கள்.

மாடு நிம்மதியாகிவிட்டதா என்று அறிய எளிய வழி, அது அசை போடுகிறதா என்று பார்ப்பதுதான். படுத்து, கண்ணை மூடி அசை போடும் மாடு புது இடத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஒரு நாள் முழுவதும் தின்னாமல், அசை போடாமல் நின்றால் வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

பழைய மாடுகளின் வரவேற்பு

மாடுகளுக்குள்ளும் ஒரு வரிசை உண்டு. யார் முதலில் தின்பது, யார் விலகிப் போவது என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியும். புதிதாக வரும் கிடாரி வயதிலும் உடம்பிலும் சிறியது. ஆகவே அந்த வரிசையில் அது கடைசியில்தான் நிற்கும். பழைய பசு முட்டும், தொட்டிப் பக்கம் வர விடாது.

இதற்கு அவசரப்படாத வழி இருக்கிறது. மூன்று கிழமை முடிந்ததும், இடையில் ஒரு தடுப்புக் கம்பு வைத்து, ஒன்றையொன்று பார்க்கவும் மணக்கவும் விடுங்கள். சில நாள் கழித்து, உங்கள் மாடுகளில் மிகச் சாதுவானதன் பக்கத்தில் கட்டுங்கள். தீனித் தொட்டி இரண்டு இருக்கட்டும். அப்போதுதான் விரட்டப்பட்ட மாடு மற்றதில் தின்னும். வன்னியைப் போல மாடுகளை அவிழ்த்துவிட்டு மேய்க்கும் இடத்தில், முதலில் சேர்த்துவிடுவது பகலிலும் வெளியான இடத்திலும் இருக்க வேண்டும். இருட்டில், ஒடுக்கமான பட்டிக்குள் சேர்த்தால் ஓட இடமில்லாமல் காயப்படும். கன்று ஈனும் மாதத்தில் உள்ள மாட்டை இந்தச் சச்சரவில் விடவே கூடாது. பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் முட்டல் தணிந்துவிடும்.

ஊர் மாறினால் உடம்பும் மாற வேண்டும்

மலையகக் குளிரில் வளர்ந்த பிரிசியன், ஜேர்சி கலப்பு மாடுகளை நிறையப் பால் தரும் என்று நம்பி வன்னிக்குக் கொண்டுபோவோர் உண்டு. வெயிலோடு உண்ணிக் காய்ச்சலும் அவற்றைத் தாக்கும். உண்ணி உள்ள ஊரில் கன்றாக இருந்தே வளர்ந்த மாட்டுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கும், குளிர் நாட்டு மாட்டுக்கு இராது. சிறுநீர் சிவந்து, முரசு வெளிறி, கடும் காய்ச்சல் கண்டால் தாமதிக்காதீர்கள். முடிந்தவரை உங்கள் மாவட்டத்திலேயே, உங்கள் வெயிலில் வளர்ந்த கிடாரியை வாங்குவதே நல்லது.

2017ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியா, நியூஸிலாந்து நாடுகளிலிருந்து ஏறக்குறைய 5,000 மாடுகள் அரச திட்டமொன்றின் கீழ் இலங்கைப் பண்ணையாளர்களுக்காகக் கொண்டுவரப்பட்டன. அவற்றுள் பல நோயுற்றன, பல இறந்தன. வந்த மாடுகளின் உடல்நிலையா, பண்ணைகளின் ஆயத்தக் குறைவா காரணம் என்று இரு தரப்பிலும் வாதம் நடந்தது. கடன்பட்டு வாங்கியவர்கள் நட்டப்பட்டார்கள். வசதியுள்ள பண்ணைக்கே இந்த நிலை என்றால், ஒரே ஒரு மாட்டை நம்பியிருக்கும் பெண் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

கையெழுத்திடும் முன் கேளுங்கள்

சகோதரிகளே, மாடு தருகிறோம் என்று யாராவது வந்தால் வெட்கப்படாமல் சில கேள்விகளைக் கேளுங்கள். மாடு எந்த மாவட்டத்தில் வளர்ந்தது? என்ன தடுப்பூசி போடப்பட்டது? கொண்டுவரும் அனுமதிப் பத்திரமும் வைத்தியரின் சுகாதாரச் சான்றும் இருக்கின்றனவா?

முதல் தவணை எப்போது என்றும் கேளுங்கள். இன்று சினைப்படும் கிடாரி ஏறக்குறைய 280 நாள் கழித்தே கன்று ஈனும். அதற்கு முன் ஒரு போத்தல் பாலும் இல்லை. அடுத்த மாதமே தவணை கட்டச் சொல்லும் கடன் கிடாரிக்குப் பொருந்தாது.

மாட்டுச் சீட்டு யார் பெயரில் என்பதையும் பாருங்கள். புல் அறுப்பதும் பால் கறப்பதும் பெண்ணாக இருக்க, சீட்டும் பால் காசும் ஆண் பெயரில் இருப்பதைத் தோட்டங்களில் சாதாரணமாகக் காணலாம். உழைப்பவள் பெயரில் சீட்டு இருந்தால்தான் விற்கவோ வைத்திருக்கவோ தீர்மானிக்கும் உரிமை அவளுக்கு இருக்கும்.

ஒரே ஊரில் நாலைந்து பேருக்கு மாடு கிடைப்பதாக இருந்தால், மாடு வருவதற்கு முன்னரே கூடிக் கதையுங்கள். ஊர் மாடுகளுக்குத் தள்ளி, பொதுவாக ஒரு கொட்டில் போட்டு, புது மாடுகளை மூன்று கிழமை அங்கே வைத்துக்கொண்டு முறை போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஒருத்திக்குச் சுகமில்லாத நாளில் மற்றவள் புல் போடுவாள். இதற்குப் பெரிய செலவு இல்லை, கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.