பந்து இல்லாத நான்கு பேர்

பட்டு நெய்யும் நண்பர் ஒருவரின் மகள் இந்த வருடம் தன் கல்லூரியின் கூடைப்பந்து அணிக்குத் தேர்வாகியிருக்கிறாள். மகள் ஆடுவதைப் பார்க்க, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தன் தறியை ஒரு நாள் நிறுத்திவிட்டுப் போனார் அவர். மறுநாள் மூங்கில் மண்டபத்துப் பக்கம் டீ குடிக்கும்போது என்னிடம் கேட்டார்: "ஓடுறாங்க, விசில் அடிக்கிறாங்க, நிக்கிறாங்க, மறுபடி ஓடுறாங்க. எம் பொண்ணு நல்லா ஆடினாளா இல்லையான்னே எனக்குத் தெரியலப்பா."

நியாயமான கேள்வி. கிரிக்கெட்டை நமக்குத் தொலைக்காட்சி சொல்லிக்கொடுத்துவிட்டது, கபடியை ஊரே சொல்லிக்கொடுத்துவிட்டது. கல்லூரிப் பெண்களின் கூடைப்பந்து பார்க்கப் போகிறவருக்குச் சொல்லித்தர யாருமில்லை. ஓரத்தில் சக மாணவிகள் கொஞ்சம் பேர், பி.டி. மேடம், எதிரணியின் பஸ் டிரைவர், அவ்வளவுதான் கூட்டம். பல வருடமாக இந்த ஆட்டத்தைத் தேடித்தேடிப் பார்க்கிறவன் என்பதால் அவருக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த விசில். பத்து நிமிடம் வீதம் நான்கு பகுதிகள், மொத்தம் 40 நிமிட ஆட்டம். ஆனால் எழுந்து வர ஒன்றரை மணி நேரம் ஆகும், ஏனென்றால் ஒவ்வொரு விசிலுக்கும் கடிகாரம் நிற்கும். விசிலில் இரண்டு வகையைப் பிரித்துத் தெரிந்துகொண்டால் பாதி ஆட்டம் புரிந்துவிடும். பந்தைத் தட்டாமல் கூடுதலாக அடி வைத்தால் டிராவல்; தட்டி நிறுத்திப் பிடித்துவிட்டு மறுபடி தட்டினால் டபுள் டிரிபிள்; எதிரணியின் கூடைக்கு அடியில் உள்ள கட்டத்துக்குள் மூன்று விநாடிக்கு மேல் நின்றாலும் தவறு. இவற்றுக்குத் தண்டனை பெரிதில்லை, பந்து எதிரணிக்குப் போகும். இன்னொரு வகைதான் பவுல். கையை அடித்தாலோ, இடித்தாலோ, பிடித்து இழுத்தாலோ அந்தப் பெண்ணின் கணக்கில் ஒன்று ஏறும். ஐந்து ஏறினால் அன்றைக்கு அவள் ஆட்டம் முடிந்தது, பெஞ்சில்தான் உட்கார வேண்டும். அணிக்கும் தனிக் கணக்கு உண்டு: ஒரு பத்து நிமிடப் பகுதிக்குள் அணியின் பவுல் ஐந்தாகிவிட்டால், அதிலிருந்து ஒவ்வொரு பவுலுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைக்கும். பலகையிலிருந்து 4.6 மீட்டர் தள்ளியிருக்கும் கோட்டில் நின்று யாரும் மறிக்காமல் எறியலாம், ஒன்றுக்கு ஒரு பாயிண்ட்.

இந்தக் கணக்கு மனதில் இருந்தால் ஆட்டத்தின் உள்கதை தெரிய ஆரம்பிக்கும். நான்கு பவுல் வாங்கிய உயரமான பெண் அடுத்த நிமிடமே கையைச் சுருக்கிக்கொண்டு ஆடுவாள். எதிரணி இதைக் கவனித்துவிடும். அதன் பிறகு அவளை நோக்கியே ஓடிவருவார்கள், ஐந்தாவதை வாங்க வைக்க. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே ஓட்டமாகத் தெரியும் நேரத்தில், உள்ளே ஒரு குறி வைத்த வேட்டை நடந்துகொண்டிருக்கும்.

நண்பருக்கு இதெல்லாம் ஏறியது. அவர் வருத்தம் வேறு இடத்தில் இருந்தது. "ஒரே ஒரு கூடைதாம்ப்பா போட்டா. பாதி நேரம் கையைக் கட்டிக்கிட்டு சும்மா நிக்கிறா. எதிர்ல வர்ற பொண்ணு வந்து இவமேல மோதுது."

டீயைக் கீழே வைத்துவிட்டேன். அவர் மகள் நல்ல ஆட்டக்காரி என்று அந்த வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் செய்தது ஸ்கிரீன். பந்தைத் தட்டிக்கொண்டு வரும் தோழியை ஒருத்தி ஒட்டியே காவல் காத்து வருகிறாள். அந்தக் காவல்காரியின் வழியில் இவள் போய்க் கால்களை ஊன்றி, கைகளை மார்போடு சேர்த்து, அசையாமல் நிற்கிறாள். காவல்காரி இவள்மேல் முட்டித் தடுமாறும் அரை விநாடியில் தோழி பக்கவாட்டில் பாய்ந்து கூடைக்குப் போய்விடுகிறாள். அசைந்தால் பவுல் இவளுக்கு, அசையாமல் நின்றால் அடி இவளுக்கு. ஸ்கோர் புத்தகத்தில் பாயிண்ட் தோழியின் பெயரில்தான் ஏறும்.

கோர்வை போட்டு நெய்கிறவருக்கு இதைப் புரியவைப்பது சுலபம். உடலும் கரையும் வேறு வேறு நிறம் என்றால் தறியில் இரண்டு பேர் வேண்டும். முந்தானையைப் பார்த்து வியக்கிறவர்கள், அந்தப் பக்கம் உட்கார்ந்து கரைக்கான நாடாவைச் சரியான நேரத்தில் தள்ளிக் கொடுத்தவரைக் கேட்பதில்லை. அவர் ஒரு தரம் தவறவிட்டாலும் கரை கூடாது. இதைச் சொன்னதும் நண்பர் சிரித்தார். அவருடைய முதல் வேலையே அப்பாவின் தறியில் அந்தப் பக்கத்து நாடாவைத் தள்ளியதுதானாம்.

ஆகவே புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பந்தைப் பார்க்காதீர்கள். ஐந்து பேரில் ஒருத்தி கையில்தான் பந்து இருக்கிறது. மற்ற நான்கு பேர் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். எறிந்த பந்து வளையத்தை நோக்கிப் போகும்போது எல்லாருடைய கண்ணும் மேலே போகும். நீங்கள் கீழே பாருங்கள். குள்ளமான பெண் ஒருத்தி பந்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தன்னைவிட அரை அடி உயரமானவளை முதுகால் அணைத்துத் தள்ளி, இடுப்பைத் தாழ்த்தி, இடத்தைப் பிடித்து நிற்பாள். அதற்கு பாக்ஸ் அவுட் என்று பெயர். பந்து தவறித் துள்ளி வரும்போது அது விழும் இடம் அவளுடையது. இப்படித் துள்ளி வரும் பந்தை, அதாவது ரீபவுண்டை, உயரம் எடுக்கும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். கல்லூரி ஆட்டங்களில் அதை அதிகம் எடுப்பது பிடிவாதம்.

பெண்களின் ஆட்டத்தில் இதெல்லாம் இன்னும் தெளிவாகத் தெரியும். வளையத்தின் உயரம் இரு பாலருக்கும் ஒன்றேதான், 3.05 மீட்டர், அதாவது பத்து அடி. மைதானமும் அதே 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். மூன்று பாயிண்ட் கோடும் அதே 6.75 மீட்டர். பந்து மட்டும் கொஞ்சம் சிறியது. ஆண்களுக்கு ஏழாம் எண், பெண்களுக்கு ஆறாம் எண். வளையத்துக்கு மேலே எழும்பிப் பந்தைத் திணிப்பது பெண்களின் ஆட்டத்தில் அபூர்வம். அதனால் எல்லாம் வளையத்துக்குக் கீழேயே நடந்தாக வேண்டும்: பாஸ், ஸ்கிரீன், வெட்டி ஓடுவது, காலடி. தனி ஒருத்தியின் தாவலால் தப்பித்துக்கொள்ள முடியாது, ஐந்து பேரும் யோசித்தாக வேண்டும். சிலர் இதைக் குறை என்பார்கள். எனக்கு இதுதான் இந்த ஆட்டத்தின் ருசி.

இப்படி முழு மைதானமும் ஓடி ஆடும் உரிமை பெண்களுக்குச் சும்மா கிடைக்கவில்லை. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் பீச் பழக்கூடைகளை ஆணியடித்து மாட்டி இந்த விளையாட்டைத் தொடங்கினார் ஜேம்ஸ் நெய்ஸ்மித். சில மாதங்களிலேயே, 1892-ல், ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் அதைத் தன் மாணவிகளுக்குக் கொண்டுவந்தார். அப்படிப் பார்த்தால் பெண்களின் கூடைப்பந்து பிறந்ததே கல்லூரியில்தான். ஆனால் அன்றைய உலகத்தின் பயம் விதிகளில் ஏறியது. மைதானத்தை மூன்றாகப் பிரித்தார்கள், ஒரு பகுதியில் நிற்பவள் அடுத்த பகுதிக்குப் போகக் கூடாது. எதிராளியின் கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது. 1893 மார்ச்சில் முதலாண்டு மாணவியரும் இரண்டாமாண்டு மாணவியரும் மோதியபோது ஆண்களைப் பார்க்கவே விடவில்லை. அந்த வேலி மெல்ல மெல்லத்தான் விழுந்தது. அயோவா மாநிலப் பள்ளிகளில் ஆறு பேர் அணி, பாதிப்பேர் பாதி மைதானத்தைத் தாண்டக் கூடாது என்ற பழைய ஆட்டம் 1993 வரைக்கும் நீடித்தது. அதே அயோவாவில்தான், முப்பது வருடம் கழித்து, 2023 அக்டோபரில், ஒரு பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் ஆட்டத்தை அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் வைத்து 55,646 பேர் பார்த்தார்கள். நட்சத்திர ஆட்டக்காரி கெய்ட்லின் கிளார்க் ஆடிய அணி அது.

நம் பக்கத்துக்கு இந்த ஆட்டம் வந்ததும் ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான். 1920-ல் சென்னையில் ஹாரி குரோ பக் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி, இன்றைக்கு நந்தனத்தில் இருப்பது, தலைமுறை தலைமுறையாக உடற்கல்வி ஆசிரியர்களை ஊர்ஊராக அனுப்பியது. தமிழ்நாட்டுப் பள்ளி மைதானங்களில் இரண்டு இரும்புக் கம்பமும் ஒரு பலகையும் நிற்பதற்குப் பின்னால் அந்த ஆசிரியர்களின் உழைப்பு இருக்கிறது. கோயம்புத்தூரில் ஆண்களுக்கு நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை நடக்கும்போதே பெண்களுக்கு சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பையும் நடக்கிறது. 2009-ல் பெண்களுக்கான ஆசியப் போட்டியே சென்னையில் நடந்தது, சீனா வென்றது. இந்திய அணியின் தலைவியாக இருந்த சென்னைக்காரர் அனிதா பால்துரை 2001 முதல் 2017 வரை நாட்டுக்காக ஆடி, 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். 2017-ல் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவு இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை இந்தியா 75-73 என்று வென்றது. அந்த இரண்டு பாயிண்ட் வித்தியாசத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

இந்தப் பெயர்களை எல்லாம் கேட்டுவிட்டு நண்பர் ஒரு கேள்வி கேட்டார். "எம் பொண்ணு அந்த மாதிரி ஆயிடுவாளா?"

அவரிடம் மழுப்பவில்லை. பெரும்பாலும் ஆக மாட்டாள். கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டத்தில் நன்றாக ஆடுகிறவர்களிலிருந்து பல்கலைக்கழக அணிக்கு எடுப்பார்கள். அந்த அணி தென்மண்டலத்தில் முதல் சில இடங்களுக்குள் வந்தால் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகும். அதையும் தாண்டினால் ரயில்வே போல விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தரும் ஒரு சில நிறுவனங்கள். தேசியப் போட்டியில் பெண்கள் பிரிவில் ரயில்வே இத்தனை காலம் கொடிகட்டிப் பறப்பதற்குக் காரணமே, கல்லூரி முடித்த நல்ல ஆட்டக்காரிக்குச் சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் இடங்கள் அவ்வளவு குறைவு என்பதுதான். சங்கனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரியில் படித்த கீது அன்னா ஜோஸ் தென்னக ரயில்வேக்கு ஆடி, ஆஸ்திரேலியாவில் ஆடி, 2011-ல் அமெரிக்கப் பெண்களின் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வு வரைக்கும் போனார். அது ஆயிரத்தில் ஒருத்திக்கு வாய்க்கும் பாதை. பெண்களுக்கென்று நிலையான தொழில்முறை லீக் இங்கே இன்னும் வேரூன்றவில்லை. மூன்றாம் ஆண்டு முடிந்ததும் பி.எட்., வேலை, கல்யாணம் என்று பெரும்பாலோர் போய்விடுவார்கள். "ஷார்ட்ஸ் போட்டுக்கிட்டுதான் ஆடணுமா" என்று கேட்கும் உறவுக்காரர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு, காலை ஆறு மணிப் பயிற்சிக்குப் பஸ் பிடித்து, மதியம் வகுப்பில் தூக்கத்தோடு போராடி ஆடும் அந்த மூன்று வருடம்தான் அவர்கள் எட்டும் உயரம்.

அதனால்தான் கல்லூரி ஆட்டத்தை யாராவது ஒத்திகை என்று சொன்னால் எனக்குப் பொறுக்காது. அங்கே ஆடும் பத்துப் பேரில் பலருக்கு இதற்கு மேல் ஒரு மேடை கிடையாது. அவர்கள் உடம்பும் அறிவும் உச்சத்தில் இருக்கும் ஆட்டம், நம் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், டிக்கெட் இல்லாமல் நடக்கிறது. எத்தனையோ ஊர்களில் காலி இருக்கைகளுக்கு முன்னால் நடக்கிறது.

போவதென்றால் காலையிலேயே போய்விடுங்கள். வெயிலுக்குப் பயந்து முதல் ஆட்டத்தைச் சீக்கிரமே தொடங்குவார்கள், நடுப்பகலில் விட்டு மாலையில் தொடர்வார்கள். சிமெண்ட் தளம் என்றால் பதினோரு மணிக்கே கொதிக்கும். தொப்பியும் தண்ணீரும் முக்கியம். நிழலைப் பார்த்து உட்காராமல், முடிந்தால் பயிற்சியாளர் நிற்கும் பெஞ்சுக்குப் பின்னால் உட்காருங்கள். அவர் கத்துவதைக் கேட்டாலே ஆட்டம் பாதி புரியும். எழுத்தர் மேசைக்கு அருகில் 24 விநாடி எண்ணுகிறவரையும் பாருங்கள். பந்து கிடைத்த அணி அதற்குள் எறிந்தாக வேண்டும். விளக்குப் பலகை இல்லாத மைதானங்களில் அவர் கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கும், குரல்தான் பலகை.

கடைசி இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடாதீர்கள். நாலாவது பகுதியின் அந்த இரண்டு நிமிடத்தில் கூடை விழுந்தாலும் கடிகாரம் நிற்கும், அதனால் இரண்டு நிமிடம் பத்து நிமிடமாக நீளும். பின்தங்கிய அணி வேண்டுமென்றே பவுல் செய்யும். எதிரணி ஃப்ரீ த்ரோவைத் தவறவிடும் என்ற கணக்கு அது. ஓரத்தில் இருக்கும் எல்லாரும் கத்தும்போது, களைத்துப்போன ஒரு பத்தொன்பது வயதுப் பெண் கோட்டில் தனியாக நின்று, பந்தை இரண்டு தரம் தட்டி எறிய வேண்டும். உங்கள் அணிப் பெண் என்றால் அப்போது வாயை மூடிக்கொள்ளுங்கள், விழுந்த பிறகு கத்துங்கள்.

பெயர்களைக் கேட்டு வைத்துக்கொள்வதும் நல்லது. முதுகில் எண் இருந்தாலும் "ஏழாம் நம்பர்" என்று கூப்பிடுவதைவிட, யாரோ முன்பின் தெரியாத ஒருவர் பெயர் சொல்லிக் கைதட்டுவது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கூடை போட்டவளுக்கு மட்டும் தட்ட வேண்டாம். ஸ்கிரீன் வைத்துக் கீழே விழுந்தவளுக்கும் சேர்த்துத் தட்டுங்கள். மைதானத்தில் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள், ஆட்டம் தெரிந்த ஆள் வந்திருக்கிறார் என்று.

நண்பர் அடுத்த ஆட்டம் எப்போது என்று மகளிடம் கேட்டு வைத்திருக்கிறார். வருகிற சனிக்கிழமை, ஏழரை மணி ஆட்டம். மனைவியையும் கூட்டிக்கொண்டு வருகிறாராம். ஆறு மணி பஸ்ஸுக்கு நிற்கச் சொல்லியிருக்கிறேன்.