கொட்டகை போட ஓர் இடம்

1946-ஆம் ஆண்டில் திருவொற்றியூர் சென்னைக்குள் இல்லை. செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த கோயில் ஊர் அது. கிழக்கே கடல், மேற்கே ரயில் பாதை, நடுவில் தியாகராஜரும் வடிவுடையம்மனும். கப்பல் வணிகத்தில் சேர்த்த செல்வத்தை எல்லாம் உதறிவிட்டு வந்த பட்டினத்தார் அடங்கியதும் இந்த ஊர்க் கடற்கரையில்தான். வணிகத்தைத் துறந்தவரின் சமாதி இருக்கும் ஊரில், அந்த ஆண்டு, இருபதுகளில் இருந்த ஓர் இளைஞர் சின்னக் கொட்டகை ஒன்றில் பலூன் செய்து விற்கத் தொடங்கினார்.

அவர் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை. அந்தக் கொட்டகைதான் பிறகு மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, சுருக்கமாக எம்.ஆர்.எஃப். 2023 ஜூன் மாதம் அந்த நிறுவனத்தின் ஒரே ஒரு பங்கு 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. இந்தியப் பங்குச் சந்தையில் அதற்கு முன் எந்தப் பங்கும் அந்த விலையைத் தொட்டதில்லை.

பலூனில் தொடங்கி டயரில் முடியும் இந்தக் கதையைச் சுயமுன்னேற்றக் கூட்டங்களில் நிறையச் சொல்கிறார்கள். உழைத்தால் உயரலாம் என்பதற்கு நல்ல உதாரணம்தான். ஆனால் வட சென்னையில் நின்று கேட்டால் வேறொரு கேள்வி எழுகிறது. அதே கொட்டகையை இன்று திருவொற்றியூரில் போட முடியுமா? அன்று இங்கே பணத்துக்குப் பஞ்சம், இடத்துக்கு இல்லை. இன்று கடன் கொடுக்கப் பல கதவுகள் திறந்திருக்கின்றன, கால் ஊன்ற இடம்தான் இல்லை.

கொட்டகைக் காலம்

பலூன் செய்வதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். ரப்பர் பால் உறையாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். சாயம் கலந்த அந்தப் பாலில் அச்சை முக்கி எடுத்து, காய வைத்து, சூடு காட்டி, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க மாவு தூவி உரித்தால் பலூன். ஒரு கூரை, சில கைகள், கழுவி ஊற்றக் கொஞ்சம் வெற்று நிலம் போதும். மாப்பிள்ளையின் மனைவி குஞ்ஞம்மாவும் இந்த வேலையில் கைகொடுத்தார். செய்த பலூன்களைப் பையில் போட்டுக்கொண்டு மாப்பிள்ளையே சென்னைத் தெருக்களில் கொண்டுபோய் விற்றார்.

1949 வாக்கில் அதே இயந்திரமில்லாத கொட்டகையிலிருந்து கீச்சிடும் ரப்பர் பொம்மைகள், தொழிற்சாலைக் கையுறைகள், கருத்தடை உறைகள் எல்லாம் வெளிவந்தன. பாரிமுனைப் பக்கம் தம்புச் செட்டித் தெரு 334-ஆம் எண்ணில் முதல் அலுவலகம் திறந்தார்கள். தயாரிப்பு திருவொற்றியூரில், வியாபாரம் பாரிமுனையில். ஊருக்கு வெளியே வாடகை குறைவு. ஊருக்குள் மொத்த வியாபாரிகள், துறைமுகம், 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையம். இரண்டுக்கும் இடையே சில மைல்கள்தான். சிறுதொழிலுக்கு இதைவிடத் தோதான நில அமைப்பு கிடைப்பது அரிது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வெறுங்கையோடு வந்தவர் என்பது பாதி உண்மை. மலையாள மனோரமா நாளிதழை நடத்திய குடும்பம் அது. குடும்பத்தோடு தொடர்புடைய திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி 1938-இல் முறிந்தது, தந்தை சிறைக்குப் போனார், நாளிதழும் முடங்கியது. சரிவு கடுமையானதுதான். ஆனாலும் மகன் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். வியாபாரத்தில் உறவினர்கள் இருந்தார்கள். 1952-இல் அவரை டிரெட் ரப்பர் பக்கம் திருப்பியதே, தேய்ந்த டயருக்கு ரீட்ரெட் போடும் பட்டறை வைத்திருந்த உறவினர் ஒருவர் வெளிநாட்டு நிறுவனத்திடம் சரக்கு வாங்கிவந்ததைப் பார்த்ததுதான். பணம் போயிருந்தது, படிப்பும் பழக்கமும் போகவில்லை.

அதே ஆண்டுகளில் ராயபுரம், காசிமேடு கரையில் கூடையோடு நின்ற மீன்காரப் பெண்ணும் தொழில்தான் தொடங்கினாள். அவளுக்கு நிறுவன வரலாறு எழுத ஆள் இல்லை. கட்டுமரம் கரை ஏறும் நேரத்தில் மீனைக் கடனுக்கு எடுத்து, தலைச்சுமையாகத் தெருத்தெருவாக விற்றுவிட்டு, பொழுது சாய்வதற்குள் கணக்குத் தீர்க்க வேண்டும். அவசரத்துக்குத் தோடு சேட்டு கடைக்குப் போகும். தோடும் இல்லாவிட்டால் தண்டல்.

தண்டலின் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். பத்தாயிரம் என்று பேசி ஒன்பதாயிரம் கையில் தருவார்கள். தினமும் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆயிரம்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், நூறு நாளும் சராசரியாக அவள் கையில் நிற்பது ஐந்தாயிரத்துக்கும் குறைவு. அதற்கு நூறு நாளில் ஆயிரம் என்றால் ஆண்டுக்கு எழுபது, எண்பது விழுக்காடு வட்டி. பங்குச் சந்தையில் கோடி கோடியாகப் புரட்டுபவர்கூட இந்த வட்டியில் கடன் வாங்கித் தொழில் நடத்த முடியாது. கூடைக்காரி நடத்தினாள்.

சங்கு ஊதிய காலம்

அடுத்த இருபது ஆண்டுகளில் இந்தக் கரையின் முகம் மாறியது. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் கார்களைப் பூட்டி, 1955-இல் அசோக் லேலண்டு ஆயிற்று. அதே 1955-இல் என்ஃபீல்டு இந்தியா உருவாகித் திருவொற்றியூரில் புல்லட் செய்ய வந்தது. கார்போரண்டம் யுனிவர்சல் வந்தது. தீப்பெட்டி செய்த விம்கோவின் பெயர் ஒரு ரயில் நிலையத்துக்கே ஒட்டிக்கொண்டது. எம்.ஆர்.எஃப். 1961-இல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தோடு சேர்ந்து டயரில் இறங்கியது. 1969-இல் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம்.

பெரிய ஆலை வந்தால் சின்னத் தொழில் செத்துவிடும் என்பார்கள். இங்கே சின்னத் தொழில் ஆலையின் நிழலில்தான் முளைத்தது. உள்ளே கடைசல் கற்றவர் வெளியே வந்து ஒரு பழைய லேத் வாங்கிப் போட்டு ஜாப் ஒர்க் எடுத்தார். ஷிப்ட் முடிந்து வருபவர்களுக்கு மெஸ், டீக்கடை, சைக்கிள் கடை. மளிகைக் கடையில் கணக்கு நோட்டு, சம்பள நாளில் பைசல். ஆலைச் சங்குதான் கடைத்தெருவுக்குக் கடிகாரம். இந்தத் தொழில்களுக்குக் கடன் கொடுத்தது வங்கி இல்லை, அடுத்த மாதமும் சம்பளம் வரும் என்ற நிச்சயம்தான்.

அந்தக் காலத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. கழிவுநீர் எங்கே போகிறது, சாம்பல் எங்கே கொட்டுகிறது என்று கேட்க ஆள் இல்லை. தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வந்ததே 1982-இல்தான். கொட்டகைக்காரர் ஊற்றிய வாளித் தண்ணீரை மண் உறிஞ்சியிருக்கும். ஆலைகளும் மின் நிலையங்களும் கொட்டியதை எண்ணூரின் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் தாங்க வேண்டியதாயிற்று. எவரும் எதையும் கேட்காத சுதந்திரத்துக்கான ரசீது எண்ணூரின் பெயரில்தான் எழுதப்பட்டது.

இன்று கிடைப்பவை

இன்றைக்குத் தொழில் தொடங்க வருபவருக்கு அன்று இல்லாத பலவும் இருக்கின்றன. 2020 ஜூலை முதல் உத்யம் பதிவை ஆதார் எண்ணை வைத்துக் கைப்பேசியிலேயே கட்டணமின்றி முடித்துவிடலாம். 2015-இல் வந்த முத்ரா திட்டத்தில் பிணை இல்லாமல் கடன் உண்டு. தெருவோர வியாபாரிகளுக்கு 2020-இல் பிரதமர் ஸ்வநிதி வந்தது. தொடக்கத்தில் அது முதல் கடன் பத்தாயிரம், ஒழுங்காகக் கட்டினால் இருபதாயிரம், பிறகு ஐம்பதாயிரம் என்று இருந்தது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. மீன் கூடைக்குப் பக்கத்தில் க்யூஆர் அட்டை தொங்குகிறது. ஆறு மாதம் அதில் பணம் விழுந்தால், வாழ்நாளில் முதல்முறையாக அந்தப் பெண்ணின் வரவுக்கு ஓர் எழுத்துச் சான்று கிடைக்கிறது. 1946-இல் இருந்தவர்கள் கனவிலும் காணாதது இது.

ஆனாலும் தண்டல் சாகவில்லை. அதீத வட்டிக்கு எதிராகத் தமிழ்நாடு 2003-லேயே சட்டம் போட்டது. ஆனால் காசிமேட்டில் ஏலம் விடியுமுன் நடக்கிறது, வங்கி பத்து மணிக்குத் திறக்கிறது. இடைப்பட்ட நேரத்தில் வருபவர்தான் தண்டல்காரர். "எக்கா, இன்னிக்கு எவ்ளோ வேணும்?" என்று கேட்க அவருக்கு விண்ணப்பப் படிவம் தேவையில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும், வரத்து சுருங்கும், தவணை மட்டும் நாள் தவறாமல் வரும். கடன் திட்டம் எழுதியவர்களின் நாட்காட்டியும் கடலின் நாட்காட்டியும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

இன்று இல்லாதது

இதே ஊரில் ஒருவர் ரப்பர் பாலும் அச்சும் வாங்கி வந்து பலூன் செய்யப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டட அனுமதி, மாநகராட்சியின் தொழில் உரிமம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, தீயணைப்புத் துறையின் சான்று என்று ஒவ்வொரு வாசலாக ஏற வேண்டும். இவற்றில் எதையும் வேண்டாத தொல்லை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கரை நெடுக எண்ணெய் ஒதுங்கியது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. மீனவர்கள் வாளியால் அதை அள்ளினார்கள். வலையும் படகும் கறுத்தன. அதே மாதக் கடைசியில் ஓர் இரவு உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் நள்ளிரவில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கொட்டகையில் பால் உறையாமல் காத்த அதே அம்மோனியாதான்.

இவற்றைச் சுற்றுச்சூழல் செய்தியாக மட்டும் படித்துவிட்டுப் போகிறோம். வியாபாரச் செய்தியாகவும் படிக்க வேண்டும். எண்ணூர் இறால், எண்ணூர் நண்டு என்று பெயர் சொல்லி விற்றவருக்கு அந்தப் பெயர்தான் மூலதனம். எண்ணெய் வாடை வருமோ என்று வாங்குபவர் ஒருமுறை முகம் சுளித்தால், எந்த முத்ராவும் அந்த நட்டத்தை ஈடுகட்டாது.

அனுமதிக்கு முன்னால் இடம் வேண்டும். 2011-இல் திருவொற்றியூர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது. ஊருக்கு நல்லதுதான். கூடவே நிலத்தின் விலையும் கடை அட்வான்ஸும் ஏறின. ஆலைகளின் வளர்ச்சியோ வேறு திசையில் போனது. என்ஃபீல்டு 1990-களில் ஐஷர் கைக்குப் போய், 2013-இல் ஒரகடத்தில் புதிய ஆலை கட்டிக்கொண்டது. வாகனத் தொழிலின் புதுப் பட்டறைகள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் முளைத்தன. இங்கே மிச்சம் கன்டெய்னர் லாரி வரிசை. அதை நம்பிப் பஞ்சர் கடை, ஸ்பேர் பார்ட்ஸ் கடை, டீ வண்டி.

இப்போது இந்தப் பகுதியில் புதிதாகத் தொடங்கும் தொழில்களைக் கவனித்தால் ஓர் ஒற்றுமை தெரியும். பிரியாணிக் கடை, பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த அத்தோ வண்டி, செல்போன் சர்வீஸ், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்கு வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பது, மீனை ஆய்ந்து வாட்ஸ்அப்பில் விற்பது. எல்லாம் மதிப்பான பிழைப்பு. ஆனால் எல்லாமே இடம் கேட்காத தொழில்கள், அல்லது வீட்டின் கூடத்தையே இடமாக எடுத்துக்கொண்ட தொழில்கள். ஒரு பொருளை உருவாக்கி ஊருக்கு வெளியே அனுப்பும் பட்டறை இவற்றுக்கு நடுவே அபூர்வம். பலூனிலிருந்து பொம்மைக்கும், பொம்மையிலிருந்து டிரெட் ரப்பருக்கும் ஏறியதுபோல் ஏற, வீட்டுக் கூடத்தில் படிக்கட்டு இல்லை.

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. 2024-இல் வட சென்னை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் திறந்து, படிப்பவருக்கும் மடிக்கணினியில் தொழில் செய்பவருக்கும் மேசையும் இணையமும் கொடுக்கிறார்கள். நல்ல தொடக்கம். ஆனால் ரப்பர் பாலில் அச்சு முக்குபவருக்கு வடிகால் வேண்டும். கருவாடு கட்டுபவருக்கு ஈரம் ஏறாத கிடங்கு வேண்டும். மீன்காரப் பெண்ணுக்கு ஐஸ் அறையும் நல்ல தண்ணீரும் வேண்டும். லேத் வைப்பவருக்கு மும்முனை மின்சாரம் வேண்டும். கிண்டியிலும் அம்பத்தூரிலும் சிட்கோ கட்டியிருக்கும் அடுக்குமாடித் தொழிற்கூடம் போல ஒன்று, பொதுவான கழிவுநீர்ச் சுத்திகரிப்போடு, திருவொற்றியூர் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தால், ஒவ்வொருவரும் தனித்தனியாக ஏறும் அனுமதி வாசல்களில் பாதியை ஒரே கட்டடம் ஏறிவிடும். ஆற்றுக்கும் கெடுதல் இல்லை.

கடன் மேளா மேடைகளில் எத்தனை பேருக்கு எத்தனை கோடி கொடுத்தோம் என்று வாசிக்கிறார்கள். அதே மேடையில், அவர்களில் எத்தனை பேருக்குத் தொழில் செய்ய நூறு சதுர அடி கிடைத்தது என்ற கணக்கையும் வாசிக்கச் சொல்ல வேண்டும். வட சென்னைக்கு அந்த இரண்டாவது கணக்குத்தான் பாக்கி.