தேன் கிண்ணத்துக்குள் ஒரு பிரபஞ்சம்!

எம்.எஸ்ஸி. ஃபிஸிக்ஸ் கடைசி செமஸ்டரா? தலைப்பு கிடைக்காம, ரெடிமேட் ப்ராஜெக்ட் விக்கிற கடையைத் தேடி நாகர்கோவில் பஸ் ஏறப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க. பிரபஞ்சம் பிறந்த கதையையே உங்க கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கலாம். நிஜமாத்தான்!

ஒரு கிண்ணம் நிறைய மார்த்தாண்டம் தேன். ஓரத்திலிருந்து ஒரு கோலிக்குண்டை விடுங்க. நழுவி நழுவி மெதுவாத்தான் அடிக்குப் போகும். ஆதி பிரபஞ்சத்தில் அந்தக் குண்டு, 'ஸ்கேலார் ஃபீல்டு'. வெப்பநிலை மாதிரி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே ஒரு எண், திசை கிடையாது. தேன்? பிரபஞ்சம் விரியும் வேகம். ஈர்ப்பு விசை உள்ளே வருவது இங்கேதான்: தேன் எவ்வளவு கெட்டி என்பதை முடிவு செய்வதே குண்டோட ஆற்றல்தான்! ஆற்றல் நிறைய இருக்கும்வரை குண்டு நகரவே யோசிக்கும். அந்த கேப்பில் பிரபஞ்சம் ஊதிப் பெருத்துவிடும். ஆற்றல் குறைஞ்சதும் தேன் தண்ணியாகும், குண்டு அடியில் இங்கும் அங்கும் ஆடும். அந்த ஆட்டத்தில்தான் துகள்கள் பிறந்தன என்கிறது இன்ஃப்ளேஷன் கொள்கை.

ரெண்டே சமன்பாடுதான். ஒண்ணு குண்டுக்கு, இன்னொண்ணு (ஃப்ரீட்மன் சமன்பாடு) தேனுக்கு. பிராக்டிகல் நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, மறந்தே போன ரங்கே-குட்டா முறை போதும். இருபடி பொட்டன்ஷியலை எடுத்து, குறைக்கப்பட்ட ப்ளாங்க் அலகில் ஃபீல்டை 16-ல் ஆரம்பிங்க. 1-க்குப் பின்னால் 27 சைபர் போட்டால் வருமே, அந்த ரேஞ்சுக்குப் பிரபஞ்சம் விரியணும்.

அதோட நின்னுடாதீங்க. ஈர்ப்பலைக்கும் அடர்த்தி ஏற்றத்தாழ்வுக்கும் உள்ள விகிதம் சுமார் 0.13 என்கிறது இந்த மாடல். தென்துருவத்து பைசெப்-கெக் தொலைநோக்கிகளோ, 0.036-க்கு மேல் இல்லைன்னு 2021-ல் சொல்லிவிட்டன. மாடல் அவுட்! ஸ்டாரோபின்ஸ்கி பொட்டன்ஷியலைப் போட்டுப் பாருங்க.

எல்லாம் ஃபாரின் சமாச்சாரம்னு நினைக்காதீங்க. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் எல்.ஸ்ரீராம்குமார், தீரஜ் குமார் ஹஸ்ரா, பாரீஸின் ஜெரோம் மார்ட்டின் மூவரும் 2012-ல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் புரோகிராமின் பெயர் 'பிங்கோ'. இன்ஃப்ளேஷன் விட்டுச்சென்ற நுண்ணிய ஏற்ற இறக்கங்களை மூணு மூணாகச் சேர்த்துப் பார்த்து, அவற்றுக்குள் உள்ள உறவைக் கணக்கிடும். இலவசம்தான்.

குண்டு ஆடத் தொடங்கிய பிறகு கதை சிக்கல். முட்டம் கடலலை மாதிரி, இடத்துக்கு இடம் வேற வேற. அதுக்கு 2000-ல் கேரி ஃபெல்டரும் இகோர் ட்கச்சேவும் தந்த 'லாட்டிஸ் ஈஸி' இருக்கு. நீள, அகல, உயரத்துக்கு 128 கட்டம்னா சுமார் 21 லட்சம் புள்ளி. ஒரு ஃபீல்டுக்கு 34 எம்.பி. போதும். ஏழெட்டு சினிமா பாட்டு பிடிக்கிற இடம்!

வைவாவில், "இந்த விடை சரின்னு எப்படிச் சொல்றே?"ன்னு கட்டாயம் கேட்பாங்க. டைம் ஸ்டெப்பைப் பாதியாக்கினாலும் விடை மாறலைன்னு காட்டுற கிராஃப் ஒண்ணைக் கையில் வெச்சுக்கோங்க. கடையில் வாங்கின ப்ராஜெக்ட்டில் அது இருக்காது!