தீவகமும் அலைகளும் – 6: கல்வீட்டுக்குள் வைஃபை

நெடுந்தீவின் ஒழுங்கைகளில் நடப்பவர்களுக்கு முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) வேலியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சாந்து பூசாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கியவை அவை. அதே கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டிய தடித்த சுவர் வீடுகளும் தீவுப்பகுதியில் இன்னும் நிற்கின்றன. அந்த வீடுகளில் இருந்துதான் இந்த முறைப்பாடு வரும்: முன் விறாந்தையில் வைஃபை நன்றாக இருக்கிறது, குசினியில் ஒன்றுமே இல்லை.

உடனே இன்னொரு கருவியை வாங்கப் போகிறோம். அதற்கு முன் வீட்டின் வரைபடத்தைக் கணினிக்குக் கொடுத்து, அலை எப்படிப் பரவும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். 2014 இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் இயற்பியல் ஆய்வு மாணவர் ஒருவர் தன் குடியிருப்புக்கு இதைச் செய்தார். 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் பெயரால் வழங்கும் சமன்பாடுதான் அவருக்கு ஆதாரம். ஒரே அதிர்வெண்ணில் ஓடும் அலை ஓரிடத்தில் எந்த அளவில் நிலைகொள்ளும் என்பதை அது சொல்லும்.

வைஃபையின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்ரிமீற்றர். கணினி வீட்டைச் சிறு கட்டங்களாகப் பிரித்தே கணக்கிடும்; ஓர் அலைநீளத்துக்குப் பத்துக் கட்டமாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 12 மீற்றர் நீளமும் 10 மீற்றர் அகலமும் உள்ள வீட்டைத் தட்டையாக எடுத்தாலே 7,68,000 கட்டங்கள் வரும். 3 மீற்றர் உயரத்தையும் சேர்த்தால் அவை 18 கோடியைத் தாண்டும். கல்லுக்குள் அலை இன்னும் குறுகும் என்பதால் அங்கே கட்டங்களை மேலும் சிறிதாக்க வேண்டும்.

விடை ஒரு வண்ணப்படமாக வரும். தெறித்த அலையும் நேரே வந்த அலையும் கூடுமிடத்தில் ஒளிர்வும், ஒன்றையொன்று அழிக்குமிடத்தில் இருளும் தெரியும். இரண்டுக்கும் இடைவெளி சில சென்ரிமீற்றர்தான். போனை ஒரு சாண் நகர்த்தினால் சிக்னல் மாறுவது இதனால்தான். தடித்த சுவரை ஊடுருவிப் போவதைவிட, திறந்த கதவு வழியாக வளைந்து போகும் அலையே பல அறைகளுக்கு உயிர் கொடுக்கிறது என்பதையும் அந்தப் படத்தில் காணலாம்.

நடுவே திறந்த முற்றம் உள்ள நாற்சார் வீட்டில் இது மிகவும் முக்கியம். நடுமுற்றத்தில் சுவர் இல்லை. ஒரு பங்கு அலை வானத்துக்குப் போனாலும் மிச்சம் தடையின்றி எதிர்ப்பக்க விறாந்தையை எட்டும். ஆகவே ரவுட்டரை வாசல் அறையின் மூலையில் பூட்டி வைக்காமல், முற்றத்தைப் பார்த்த தூணில் ஆளுயரத்துக்கு மேலே மாட்டுவதே என் பரிந்துரை. இரும்பு அலுமாரிக்குப் பின்னால் வைக்கவே கூடாது. உலோகம் அலையை அப்படியே திருப்பி அனுப்பிவிடும்.

இந்தக் கணக்கில் நமக்கு ஒரு பெருங்குறை உண்டு. சுவர் எதனால் ஆனது என்று சொல்லாவிட்டால் கணினியால் ஒன்றும் செய்ய முடியாது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.2040 பரிந்துரையில் கொங்கிரீட், செங்கல், மரம், கண்ணாடி ஆகியவற்றின் மின் இயல்புகள் அட்டவணையாக உண்டு. கொங்கிரீட்டின் சார்பு மின் உட்புகுதிறன் (relative permittivity) ஏறத்தாழ 5. முருகைக்கல் அந்த அட்டவணையில் இல்லை. அதுவோ துளைகள் நிறைந்த கல். மாரியில் நீரை உறிஞ்சும். நீரின் உட்புகுதிறன் 80 அளவில் இருப்பதால், நனைந்த சுவர் அலையைக் கூடுதலாகத் தெறிக்க வைக்கவும் விழுங்கவும் செய்யும். கோடையில் எடுத்த படம் கார்த்திகை மழைக்குப் பொருந்தும் என்று நம்ப முடியாது.

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். கடலில் இருந்து கல் எடுக்க வேண்டாம். இடிந்து கிடக்கும் வீடுகளில், சொந்தக்காரரிடம் கேட்டு நாலு கல் எடுத்தால் போதும். உலர்ந்த நிலையிலும் நனைந்த நிலையிலும் அவற்றின் மின் இயல்புகளை அளந்து, அந்த எண்களை எல்லோருக்கும் வெளியிடுங்கள்.