ஒரே மாவு, பல பண்டம்: வெள்ளையணு எப்படி உருவாகிறது?

இடுப்பெலும்பு, மார்பெலும்பு, விலா, முதுகெலும்பு ஆகியவற்றுக்குள் இருக்கும் சிவப்பு மஜ்ஜைதான் ரத்த அணுக்களின் சமையலறை. அங்கே ஓயாமல் நடக்கும் வேலையை இட்லி மாவை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

1. மாவு
ஸ்டெம் செல்தான் மாவு. ஒரே மாவில் இட்லியும் தோசையும் பணியாரமும் வருவதுபோல, சிவப்பணு, தட்டணு, எல்லா வகை வெள்ளையணு ஆகிய அனைத்துக்கும் மூலம் இதுவே. அடுத்த மாவைப் புளிக்க வைக்கப் பழைய மாவில் கொஞ்சம் எடுத்துவைப்போமே, அப்படி ஸ்டெம் செல்களிலும் ஒரு பங்கு ஸ்டெம் செல்லாகவே நிற்கும். அதனால் பாத்திரம் காலியாவதில்லை. கனடா விஞ்ஞானிகளான டில், மெக்கல்லக் இருவரும் 1961-இல் எலிகளில் நடத்திய ஆய்வு இந்த அறிவுக்கு அடித்தளமிட்டது.

2. ஆர்டர்
என்ன வார்ப்பது என்பதை ரசாயனச் செய்திகள் சொல்கின்றன. ஜி-சி-எஸ்-எஃப் என்ற புரதம் கூடினால் நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளையணு அதிகம் தயாராகும். இதையே ஊசியாகவும் போடுகிறார்கள்.

3. வேகும் பக்குவம்
நியூட்ரோஃபிலின் முதல் நிலை மயலோபிளாஸ்ட். அடுத்த புரோமயலோசைட் நிலையில் கிருமியைக் கொல்லும் நொதித் துகள்கள் சேர்கின்றன. மயலோசைட் வரை அணு பிரிந்து பெருகும். அதன்பின் முதிர்ச்சி மட்டுமே. உருண்டை உட்கரு குழிந்து, பட்டையாக வளைந்து, கடைசியில் மடல்களாகப் பிரியும். இதற்கு ஏறக்குறைய 10 முதல் 14 நாள் ஆகும். நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்கள் இப்படித் தயாராகின்றன.

டி செல் என்ற வகை வெள்ளையணு மட்டும் மஜ்ஜையில் வேகாது. நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பிக்குப் போய்ப் பக்குவப்படும்.

4. பந்தி
கடும் தொற்று வந்தால் மஜ்ஜையில் உள்ள முதிர்ந்த நியூட்ரோஃபில் கையிருப்பு முதலில் வெளியேறும். அதுவும் போதாதபோது அரைவேக்காட்டு இட்லி இலைக்கு வருவதுபோல, முதிராத பட்டை அணுக்களும் ரத்தத்தில் இறங்கும். மருத்துவர்கள் இதை ‘லெஃப்ட் ஷிஃப்ட்’ என்பார்கள்.

5. வேகாத மாவு
தீவிர ரத்தப் புற்றுநோயில் இளம் அணுக்கள் முதிராமலே பெருகிச் சமையலறையை அடைத்துக்கொள்ளும். எண்ணிக்கை உயர்ந்தாலும் காவல் இல்லை. எண்ணிக்கையைப் போலவே பக்குவமும் முக்கியம்.

கீமோதெரபி மருந்துகள் பெருகும் அணுக்களைத் தாக்குவதால் மஜ்ஜையும் அடிவாங்கும்; காவல் நிற்கும் வெள்ளையணுக்கள் குறையும். ஆகவே கீமோ எடுப்பவருக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால், வீட்டில் மாத்திரை கொடுத்துக் காத்திருக்காதீர்கள். இரவானாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.