வீட்டுத் தயாரிப்பு வானூர்திகளில் பயன்படாத எஞ்சின் வாய்களை அடைத்தல்

தனிநபர்கள் தங்கள் பட்டறையில் சொந்தமாகக் கட்டிக்கொள்ளும் சிறிய வானூர்தி வீட்டுத் தயாரிப்பு வானூர்தி எனப்படுகிறது. அமெரிக்காவில் இவ்வகையில் பதிவு பெற, கட்டுமான வேலையில் பாதிக்கு மேல் தொழில்முறை சாராதவர்களால் செய்யப்பட்டிருக்க வேண்டும். எஞ்சினை மட்டும் பெரும்பாலோர் விலைக்கு வாங்குகின்றனர். லைக்கோமிங் ஓ-320, ஓ-360 ஆகியவை இவற்றில் பரவலாகக் காணப்படுபவை.

ஒரே எஞ்சின் பலவகை வானூர்திகளுக்குப் பொருந்த வேண்டியிருப்பதால், வெற்றிடப் பம்பு, உந்துவிசிறிக் கவர்னர், அழுத்தமானி போன்றவற்றுக்கான இடங்கள் அதில் முன்கூட்டியே அமைந்திருக்கும். கட்டுபவர் பயன்படுத்தாதவற்றை உலோக அடைப்பானாலோ, கேஸ்கெட் வைத்த தகட்டு மூடியாலோ மூடியாக வேண்டும். எஞ்சினுடன் வரும் பிளாஸ்டிக் மூடிகள் வழியில் தூசி புகாமல் காப்பதற்கு மட்டுமே. எஞ்சின் சூட்டை அவை தாங்கா.

ஓ-360 எஞ்சின் கொள்ளும் எண்ணெய் 8 அமெரிக்கக் குவார்ட்டு, அதாவது சுமார் 7.6 லிட்டர். அழுத்தமுள்ள ஒரு வாயின் அடைப்பான் கழன்றால், பறக்கும்போதே அவ்வளவும் வெளியேறி எஞ்சின் இறுகி நின்றுவிடலாம். சில வாய்களில் கசிவு எதிர்த்திசையில் நடக்கிறது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப எரிபொருள் தெளிக்கும் வாய் சிலிண்டரின் உறிஞ்சும் பக்கத்தில் உள்ளது. அது திறந்திருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் எரிபொருள் விகிதம் குறையும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாததால் காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினம்.

அடைப்பான்கள் இரு வகை. முதல் வகையில் மரை கூம்பு வடிவில், 16-க்கு 1 என்ற அளவில் குறுகிச் செல்லும். மரைகளுக்கு இடையே எஞ்சும் இடுக்கை நிரப்பப் பசை தேவை. முதல் ஓரிரு மரைகளில் அதைத் தடவாமல் விடுவர். வீட்டுக் குழாய்களுக்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் நாடா இங்கு ஆகாது. அதன் துணுக்கு நுண்ணிய எண்ணெய் வழியை அடைத்துக்கொள்ளும். அளவுக்கு மீறி முறுக்கினால் அலுமினிய உறை விரிசல் விடும். இரண்டாம் வகை 37 பாகைச் சாய்வில் உலோகத்தோடு உலோகம் படிந்து அடைப்பது. இதற்குப் பசை கூடாது. மோட்டார் வாகனக் கடைகளில் கிடைக்கும் 45 பாகை உறுப்புகள் பார்வைக்கு இதைப்போலவே இருந்தாலும் சரியாகப் படியா.

அடைப்பதற்காக இன்னொன்றைத் திறக்க வேண்டிய விந்தையும் உண்டு. சாய்வு மாறும் உந்துவிசிறிக்காக அமைந்த கிராங்க் தண்டில் சாய்வு மாறாத உந்துவிசிறியைப் பொருத்தும்போது, தண்டின் முன்முனை அடைக்கப்படுகிறது. உள்ளே இருக்கும் பின் அடைப்பில் துளையிடப்படுகிறது. துளையிடாவிட்டால் இடையில் எண்ணெய் அழுத்தம் சேர்ந்து முன் அடைப்பை வெளியே தள்ளிவிடலாம்.

திறந்திருப்பதெல்லாம் பயன்படாத வாய் அல்ல. எஞ்சின் உறையின் மூச்சுக்குழாய் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். அதை மூடினால் உள்ளழுத்தம் ஏறி, கிராங்க் தண்டின் முன் சீல் பிதுங்கி எண்ணெய் கொட்டும். கடுங்குளிரில் குழாயின் நுனியில் நீராவி உறைந்தாலும் இதே கதிதான். அதனால் எஞ்சின் மூடிக்குள், சூடான பகுதியில், இக்குழாயில் கூடுதலாகச் சிறு துளை ஒன்று இடப்படுகிறது. அதைப் பழுது என்று எண்ணி அடைத்துவிடக் கூடாது.