பேய்மிரட்டி: மழை மறைவு நிலத்தின் மணச்செடி

மூணாற்றிலிருந்து உடுமலைப்பேட்டைக்கு இறங்கும் மலைச்சாலையில் பயணம் செய்தவர்கள் ஒரு மாற்றத்தைக் கவனித்திருப்பார்கள். தேயிலைத் தோட்டங்களும் சோலைக்காடுகளும் பின்தங்கிவிடும். மறையூரைக் கடந்து சின்னாறை நெருங்கும்போது முட்புதர்களும் கள்ளியும் நிறைந்த வறண்ட காடு தொடங்கிவிடும். இத்தகைய வறண்ட இடங்களில், ஆள் உயரம் வரை வளர்ந்து, சாம்பல் படிந்தாற்போன்ற இலைகளும் ஊதாநிறப் பூங்கதிர்களும் தாங்கி நிற்கும் புதர்ச்செடி ஒன்று உண்டு. இலையைக் கசக்கினால் காரமான மணம் எழும். அதுவே பேய்மிரட்டி.

பெருந்தும்பை, வெதுப்படக்கி என்பனவும் இதன் பெயர்களே. மலையாளத்தில் இதனைக் கரிந்தும்ப என்பர். துளசி, தும்பை, புதினா ஆகியவை அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியலில் அனிசோமெலிஸ் மலபாரிக்கா எனப்படும். தமிழகத்தின் கரையோர மாவட்டங்களிலும் இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் தரிசுகளிலும் சாலையோரங்களிலும் இது தானாகவே வளர்கிறது. அவ்வாறாயின், மழைக்குப் பெயர்பெற்ற கேரளத்தின் மலைகளுக்கிடையே கரையோர வறள்நிலச் செடி வளர்வது எவ்வாறு?

இதற்கான விடை மலைகளின் அமைப்பில் உள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழும்போது தன் ஈரத்தை மேற்குச் சரிவிலேயே பொழிந்துவிடுகிறது. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியைச் சூழ்ந்த மலைகளைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்றில் மழை மிகக் குறைவு. எனவேதான் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் மூணாற்றிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள சின்னாறு, ஏறத்தாழ 500 மில்லிமீட்டர் மழையோடு நின்றுவிடுகிறது. பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையையொட்டிய கொழிஞ்சாம்பாறை வட்டாரமும் அட்டப்பாடியின் கிழக்குப் பகுதியும் இவ்வாறே வறண்டவை. இடுக்கி, பாலக்காடு ஆகிய இரு மாவட்டங்களின் கிழக்கு எல்லைகளும் வரைபடத்தில் கேரளமாயினும், தட்பவெப்பத்தில் தமிழக சமவெளியின் தொடர்ச்சியே. செடிகள் மாநில எல்லையை அறிவதில்லை. மழையின் எல்லையையே அறிகின்றன.

அந்த வறட்சியைத் தாங்கும் வகையில் இச்செடி அமைந்துள்ளது. தடித்த இலைகளையும் நாற்கோணத் தண்டையும் மென்மையான வெண்மயிர் போர்த்தியிருக்கிறது. அது வெயிலின் கடுமையைத் தணித்து, இலையிலிருந்து நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. மயிர்களுக்கிடையே உள்ள நுண்சுரப்பிகள் மணமுள்ள எண்ணெயைச் சுரக்கின்றன. இலையின் மணமும் கசப்பும் காரணமாக ஆடுமாடுகள் பொதுவாக இதனைத் தீண்டுவதில்லை. மேய்ச்சல் மிகுந்த தரிசில் மற்றவை அழிந்தபின்னும் இது எஞ்சி நிற்பதன் காரணம் இதுவே. பூக்காலத்தில் தேனீக்கள் இதனை நாடி வரும்.

பேய்மிரட்டி என்னும் பெயர் பழைய நம்பிக்கையிலிருந்து பிறந்தது. குழந்தைகளுக்கு வரும் காய்ச்சலும் வலிப்பும் பேயின் செயலெனக் கருதப்பட்ட காலத்தில், அவற்றைத் தணிக்கப் பயன்பட்ட செடிக்கு அப்பெயர் பொருந்தியது. வெதுப்பு என்றால் சூடு, காய்ச்சல். அதனை அடக்குவது வெதுப்படக்கி. இதன் பச்சை இலையைத் திரித்து, எண்ணெயில் நனைத்து விளக்கேற்றும் வழக்கமும் உண்டு. பச்சை இலை எரிவது விந்தையாகத் தோன்றலாம். உண்மையில் எரிவது எண்ணெயே. பஞ்சுத்திரியைப் போலவே இலையும் அதனை நுனிக்கு ஏற்றித் தருகிறது.

இச்செடியைப் பற்றிய எழுத்துச் சான்றும் பழமையானது. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட், உள்ளூர் வைத்தியர் இட்டி அச்சுதன் உள்ளிட்டோரின் துணையுடன் உருவாக்கிய ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதில் கரிந்தும்பையும் இடம்பெற்றுள்ளது. நம் காலத்து ஆய்வாளர்கள் இதிலிருந்து ஓவாடோடயோலைடு, அனிசோமெலிக் அமிலம் ஆகிய வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்து வருகின்றனர். ஆய்வகத்தில் காணும் விளைவு மருந்தாகிவிடாது. ஆகவே குழந்தைகளுக்கோ கருவுற்ற பெண்களுக்கோ மருத்துவரின் ஆலோசனையின்றி இதன் கசாயத்தைக் கொடுத்தல் கூடாது. இதன் உறவான மற்றொரு பேய்மிரட்டியும் இதே பெயரில் வழங்குவதால் அடையாளமும் முக்கியம். அதன் இலை அகன்று மெலிந்திருக்கும்; இதன் இலை நீண்டு தடித்து, வெண்மயிர் அடர்ந்திருக்கும்.

இனி, வங்கி வாடிக்கையாளர்களுக்கு நன்கு விளங்கும் ஒரு கணக்கைப் பார்ப்போம். நாட்டு மருத்துவத்தில் இச்செடியை வேரோடு முழுமையாகப் பயன்படுத்துவதுண்டு. எனவே சேகரிப்போர் பலர் இதனைப் பிடுங்கியே எடுக்கின்றனர். இது வட்டியோடு முதலையும் சேர்த்து எடுப்பதற்கு ஒப்பாகும். மாறாக, கிளைகளை மட்டும் அறுத்து, சில கதிர்களை விதை முதிரும்வரை விட்டுவைத்தால் முதல் அழியாமல் நிற்கும். ஆண்டுதோறும் வட்டி கிடைக்கும். வரப்போரச் செடிகளைக் களைக்கொல்லியால் அழிக்குமுன் உழவர் பெருமக்கள் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

காடுகளில் நிலைமை வேறு. சின்னாறு 1984-இல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வெளியார் செடிகளைப் பறிப்பது சட்டப்படி குற்றம். அங்கு வாழும் முதுவர், மலைப்புலையர் போன்ற பழங்குடியினர் மரபாகச் சேகரித்துவரும் சிறு வனப்பொருள்களின் மீது அவர்களுக்குள்ள உரிமையை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. உயிரியல் வளங்களை வணிகத்திற்குப் பயன்படுத்துவோர் அதன் பயனை உள்ளூர் மக்களோடு பகிர வேண்டும் என்னும் நெறியை 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் வகுத்தது.

மூலிகைப் பயிரில் முதலீடு செய்ய விரும்புவோர், கடன் கோருமுன் வாங்குபவர் யார், எந்த இனம் வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதை எழுத்து வடிவில் உறுதி செய்துகொள்ள வேண்டும். 2000-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தேசிய மூலிகைத் தாவர வாரியத்தின் மாநிலப் பிரிவுகளை அணுகி ஆலோசனை பெறலாம். தரிசில் தானே வளரும் செடிக்கு விலைச்சீட்டு இல்லை. அதனாலேயே அது மதிப்பற்றதாகிவிடாது. அடுத்தமுறை அவ்வழியே செல்லும்போது அதன் ஓர் இலையைச் செடியிலேயே விரலால் வருடிப் பாருங்கள். விரலில் ஒட்டும் மணமே அதனை அடையாளம் காட்டிவிடும்.